கூரை, ஓடு, மெத்தை: கள்ளக்குறிச்சி வட்டார வீடுகள் மாறிய வரலாறு

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறவர்கள் அதன் தலையைத்தான் முதலில் சொல்வார்கள். கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு என்ற பெயர்களே வீட்டுக்காரரின் நிலத்தையும் வசதியையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். பனையோலையும் கரும்புத் தோகையும் வேய்ந்தது கூரை வீடு. குயவர் சூளையில் வெந்த நாட்டு ஓடோ, பின்னாளில் வந்த சீமை ஓடோ போட்டது ஓட்டு வீடு. தளம் போட்டு, மேலே ஏறி நெல் காய வைக்கும்படி கட்டியது மெத்தை வீடு. ஒரே குடும்பம் மூன்று தலைமுறைகளில் ஒரே மனையில் இந்த மூன்றையும் கடந்து வந்திருப்பது இங்கே சாதாரணம். பழைய வீட்டைப் புதிய குடித்தனத்துக்கு ஏற்ப மாற்றுவது இன்று நேற்றுத் தொடங்கிய வேலை இல்லை என்பதற்கு இதுவே சான்று.

வட்டாரத்தின் நிலம் இரு வகை. கிழக்கே திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை வரை நீளும் சமவெளி. மேற்கே, ஏறக்குறைய 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் கல்வராயன் மலை. கோமுகியும் மணிமுக்தாவும் அந்த மலையில் பிறந்து சமவெளிக்கு வருகின்றன. ஆட்சி எல்லை பலமுறை மாறியிருக்கிறது. நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டம். 1993 முதல் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். வீடு கட்டும் முறையோ மாவட்ட எல்லையைப் பார்க்கவில்லை. மண்ணும் மரமும் கிடைத்த இடத்தைப் பார்த்தே அது அமைந்தது.

சமவெளியில் நிலமுள்ள குடும்பத்தின் வீடு தெருவைப் பார்த்த திண்ணையோடு தொடங்கும். திண்ணையைத் தாண்டி நடை, நடைக்குப் பின் வானம் தெரியும் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம், மறுபக்கம் அடுப்பங்கரை, கடைசியில் தோட்டமும் மாட்டுக் கொட்டகையும். அறைகள் குறைவு. படுக்கையறை என்று தனியாக ஒன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை. பாயை விரித்த இடமே படுக்கும் இடம். நெல்லுக்கு இருந்த மதிப்பு மனிதருக்கு இல்லையோ என்று நினைக்கும்படி, குதிரும் பத்தாயமும் நிரந்தரமாக இடம்பிடித்திருக்கும். வீட்டின் உறுதியான, இருட்டான, ஈரம் புகாத அறை தானியத்துக்கே உரியது. அறுவடை முடிந்து அடுத்த விளைச்சல் வரை ஒரு கூட்டுக் குடும்பம் சாப்பிட வேண்டியது அதற்குள்தான் இருந்தது என்பதால் அந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு.

முற்றம் அழகுக்காக வைத்தது இல்லை. ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய தெரு வீடுகளில் பக்கச் சுவரில் சன்னல் வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் மேலிருந்துதான் வரவேண்டும். பகலில் சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழும்பும்போது, தெரு வாசலிலிருந்தும் தோட்டத்து வாசலிலிருந்தும் காற்று உள்ளே இழுக்கப்படும். தெருவாசல், நடை, கூடம், தோட்டத்து வாசல் ஆகியவை ஒரே நேர்கோட்டில் அமைந்ததன் பயனும் இதுவே. மழை நீர் நான்கு பக்கச் சரிவுகளிலிருந்தும் முற்றத்தில் விழுந்து தூம்பு வழியே தெருவுக்கோ தோட்டத்துக்கோ போகும்.

திண்ணைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது முழுக்க இனிமையானதன்று. வழிப்போக்கர் படுத்தார், திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்தது, பஞ்சாயத்து பேசினார்கள் என்பதெல்லாம் உண்மை. யார் அதில் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்று சாதி வகுத்த கோடு அதே திண்ணையின் விளிம்பில்தான் ஓடியது. மாதவிலக்கான பெண்கள் ஒதுங்கிய இடமும் தோட்டத்துத் தாழ்வாரமோ கொட்டகையோதான். பழைய வீட்டை மீட்கும்போது கட்டட அமைப்பை மீட்கலாம். அதில் புதைந்திருந்த இந்த ஒழுங்கை மீட்க வேண்டியதில்லை. ஓடும் தளமும் போட்ட வீடுகள் ஊரில் சிலருக்கே இருந்தன. உழைக்கும் மக்களில் பெரும்பாலோர் ஒற்றை அறைக் கூரை வீடுகளில் வாழ்ந்தார்கள். பாரம்பரிய வீடு என்ற சொல் பொதுவாக அந்த ஒற்றை அறையை நினைவுக்குக் கொண்டுவருவதில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் அதுவே இந்த வட்டாரத்தின் உண்மையான பழைய வீடு.

கட்டும் பொருளில் மலையும் சமவெளியும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. அடித்தளத்துக்குக் கருங்கல் இங்கேயே உண்டு. தியாகதுருகம் கோட்டை நிற்கும் குன்றைப் போலப் பாறைக் குன்றுகள் சமவெளியெங்கும் எழுந்து நிற்கின்றன. சுவருக்கு மண் அல்லது சூளைச் செங்கல். உத்திரத்துக்கும் தூணுக்கும் வேம்பு, பூவரசு, வேங்கை, வசதியிருந்தால் தேக்கு. சரத்துக்கு முற்றிய பனையைப் பிளந்த வாரை. மூங்கில் மலையிலிருந்து இறங்கும். சுண்ணாம்புக் காரையில் இந்த உறவு இன்னும் துலக்கமாகத் தெரியும். நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் அரைக்கும்போது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றுவார்கள். கடுக்காய் கல்வராயன் காடுகளில் பொறுக்கப்படும் பொருள். வெல்லம் கரும்பு விளையும் சமவெளியின் பொருள். மலையில் விளைந்த துவர்ப்பும் வயலில் விளைந்த இனிப்பும் சேர்ந்த பூச்சுதான் மெத்தை வீட்டுச் சுவர்களில் இன்றும் கல்லாக இறுகி நிற்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் இனிப்பும் காரையை மெல்ல இறுகச் செய்து, பிடிப்பைக் கூட்டி, வெடிப்பைக் குறைக்கின்றன.

மெத்தை வீட்டின் தளத்தைக் கொத்தர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். மரக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நெட்டுக்குத்தாக, குறுக்குச் சாய்வில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். கடைசியில் தட்டோடு பதித்துப் பூசுவார்கள். இரும்புக் கம்பி இல்லை, சிமெண்டும் இல்லை. கட்டையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் நூறாண்டு தாங்கும். அந்த முனை உளுத்தால்தான் தளத்துக்கு ஆபத்து.

நாட்டு ஓடு குயவரின் சக்கரத்தில் பிறந்தது. ஒரு முனை குறுகிய குழல் போல வனைந்து, ஈரமாக இருக்கும்போதே நீளவாக்கில் இரண்டாகக் கீறி, காய வைத்துச் சூளையில் வேக வைப்பார்கள். மூங்கில் வரிச்சின் மேல் ஒன்றை மல்லாத்தியும் ஒன்றைக் கவிழ்த்தும் அடுக்கினால் கூரை. ஆணி கிடையாது. அதனால் குரங்கு ஓடினாலும் தேங்காய் விழுந்தாலும் ஓடு நகரும். ஆண்டுக்கொருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், ஓடு மாற்றுவது வீட்டுக் கடமைகளில் ஒன்று. கூரை வீட்டுக்கும் அப்படியே; ஓலையை இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை பிரித்து வேய வேண்டும். தரைக்குச் சாணம், சுவருக்குப் பொங்கலுக்கு முன் வெள்ளை. பழைய வீடு முழுவதும் இப்படித் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பதை எதிர்பார்த்தே கட்டப்பட்டது. இதைப் புரிந்துகொள்ளாமல் அதன் பிற்கால வரலாற்றைப் படிக்க முடியாது.

மலை வீடு வேறு வகை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்ற மரபுக் கதையைச் சொல்பவர்கள். பேசுவது தமிழ். மலையை ஆள்பவர் என்ற பொருளில்தான் அவர்களுக்கு அந்தப் பெயர்; கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர்களது வீட்டுச் சுவர் பிளந்த மூங்கிலைப் பின்னி, இருபுறமும் மண் அப்பி, சாணம் மெழுகியது. கூரை காட்டுப்புல். சரிவு செங்குத்தானது, கூரையின் இறவாணம் தாழ்ந்தது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சாரல் மண்சுவரை நனைக்காமல் இருக்க அந்தத் தாழ்வு தேவை. உள்ளே அடுப்புக்கு மேலே மூங்கில் பரண். சாமை, தினை, கேழ்வரகு, விதை எல்லாம் அதன் மேல் இருக்கும். அடுப்புப் புகை பரணைத் தாண்டிப் புல்லின் வழியே கசிந்து வெளியேறும். அந்தப் புகை கண்ணைக் கெடுத்தது, நெஞ்சைக் கெடுத்தது. தானியத்தில் வண்டு விழாமலும், மூங்கிலைப் பூச்சி அரிக்காமலும், புல் மட்கிப் போகாமலும் காத்ததும் அதே புகைதான். கூரை வேய்வதை ஒரு குடும்பம் தனியாகச் செய்யாது. புல் அறுப்பதற்கும் கட்டுவதற்கும் ஊர் கூடும். செய்த உதவியை அடுத்த வீட்டுக் கூரையில் திருப்பித் தருவார்கள்.

மலை வீடு நீண்ட காலம் மாறாமல் இருந்ததற்கு நில உரிமையும் ஒரு காரணம். கல்வராயன் மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அவர்களது உரிமையைக் கிருஷ்ணதேவராயர் காலத்தோடு இணைத்துச் சொல்வது மரபு. பிரிட்டிஷ் ஆட்சியிலும் ஜாகீர் முறை தொடர்ந்தது, டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906 இல் வெளிவந்த தென்னார்க்காடு கெசட்டியர் இந்த ஜாகீர்களை விவரிக்கிறது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976 இல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. பட்டா இல்லாத மண்ணில் யாரும் கல் வீடு கட்டமாட்டார்கள். மூங்கிலும் புல்லும் கொண்ட வீடு வறுமையின் அடையாளம் என்று மட்டும் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நிரந்தரம் என்று உறுதி தராத நிலத்தில், பிரித்துக் கட்டக்கூடிய வீடே அறிவுள்ள வீடு.

சமவெளியில் முதல் பெரிய மாற்றம் சீமை ஓட்டோடு வந்தது. 1865 இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையின் ஓடு தட்டையானது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பள்ளமும் மேடும் உள்ளது. நாட்டு ஓட்டைவிட எடை குறைவு. ஆண்டுதோறும் மாற்றும் வேலையும் பெருமளவு குறைந்தது. அதற்கு விலையாகக் குயவரின் ஒரு தொழில் போயிற்று. மூங்கில் வரிச்சுக்குப் பதிலாக அளந்து அறுத்த ரீப்பர் சட்டம் தேவைப்பட்டதால் தச்சரின் வேலை கூடியது. அடுத்து சிமெண்டு. 1939 இல் டால்மியாபுரத்தில் ஆலை வந்த பிறகு நடுத் தமிழகத்தில் சிமெண்டு மெல்லப் பரவி, பாசனமும் கரும்பும் கைக்காசு கொடுத்த காலத்தில் ஊருக்குள் புகுந்தது. கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டிய குடும்பங்கள் திண்ணைத் தூணை இடித்துப் போர்டிகோ எழுப்பின. ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போடுவது வசதி வந்ததற்கு ஊரறியச் சொல்லும் அடையாளமாயிற்று. சுண்ணாம்புச் செக்குகள் நின்றன. கடுக்காய் மருந்துக்கும் தோல் பதனிடுவதற்கும் மட்டும் மலையிலிருந்து இறங்கியது.

ஆனாலும் பழைய வீட்டைச் சிமெண்டைவிட அதிகமாக மாற்றியது பாகப்பிரிவினை. ஒரு முற்றத்தைச் சுற்றி மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே உலையில் சாப்பிட்டவரை வீடு ஒன்று. உலை மூன்றானதும் முற்றத்தின் நடுவே சுவர் எழும். சுவர் எழுந்த முற்றம் இருட்டுச் சந்தாகும். தூம்பு ஒருவர் பாகத்தில், தண்ணீர் மற்றவர் பாகத்தில் என்று வழக்காகும். ஒருவர் தன் பாகத்தின் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டால், பொதுவான உத்திரம் அறுபட்டு அடுத்தவர் கூரை தொங்கும். 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், அந்நாளில் திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. 2005 இல் மத்தியச் சட்டம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. நூற்றாண்டு அநீதி ஒன்று அதனால் நீங்கியது. கட்டடத்தின் கணக்கில் பார்த்தால், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் கூடினார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கும் பங்காளிகள் ஒத்துப்போகாத வீடுகள் பூட்டிக் கிடந்து, முதல் ஓடு நகர்ந்த இடத்தில் மழை இறங்கி, உத்திரம் உளுத்து விழுந்தன. இந்த வட்டாரத்தில் பழைய வீடு இடிவதற்கு முதற்காரணம் கடப்பாரை இல்லை, பூட்டு.

குடிசைகளை மாற்றும் வேலையை அரசு எடுத்துக்கொண்டது. தொகுப்பு வீடுகளும் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டமும் தொடங்கி, 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடுகளாக்கும் இலக்கோடு 2010 இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011 இல் அறிவிக்கப்பட்ட 300 சதுர அடிப் பசுமை வீடு, 2016 இன் பிரதமர் வீட்டு வசதித் திட்டம், 2024 இன் கலைஞரின் கனவு இல்லம் என்று பெயர்கள் தொடர்கின்றன. தீப்பிடிக்காத, ஒழுகாத, தன் பெயரில் உள்ள வீடு என்பது கூரைக்குக் கீழே தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, ஒரு கோடைக்காலத் தீயில் தெருவே எரிந்ததைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆயினும் மலையில் இந்த வீடுகள் வரைபடத்தில் இருந்தபடி பயன்படவில்லை. பரண் இல்லாததால் தானியத்துக்கு இடமில்லை. விறகடுப்பின் புகைக்கு வழியில்லை. எனவே கான்கிரீட் வீட்டை ஒட்டியே ஒரு கூரைக் கொட்டாயைப் போட்டு, அங்கே சமைத்து, அங்கே விதையை வைத்து, வெயில் காலத்தில் அங்கேயே படுத்தார்கள். இது பழமைப் பற்றினால் வந்ததில்லை. புதிய வீட்டில் விடுபட்டுப் போன பாதியை அவர்களே கட்டிக்கொண்டார்கள். கனவு இல்லத்தின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம்; மீதி 60 சதுர அடிக்கு, ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் நீங்கலாக, வேறு வகைக் கூரை போடலாம் என்று விதி இடம் தருகிறது. தாழ்வாரமோ அடுப்படியோ ஓட்டுச் சரிவோடு அமைய அந்த 60 அடி போதும்.

மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளைப் புதுக் குடித்தனத்துக்கு ஏற்றதாக்கும் வேலையில் நான்கு சிக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது சுவர். மண் அல்லது சுண்ணாம்புச் சுவர் நிலத்தின் ஈரத்தை இழுத்து, பூச்சின் வழியே வெளியே விடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சு ஏறினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பிப் பொரிந்து பாளம் பாளமாக விழும். மீண்டும் சுண்ணாம்பே பூசுவதுதான் இதற்கு மருந்து. வேலை தெரிந்த கொத்தர் குறைந்துவிட்டதும், காரை இறுக வாரக்கணக்கில் ஆவதும்தான் தடை. இரண்டாவது முற்றம். குரங்குக்கும் திருட்டுக்கும் மழைச்சாரலுக்கும் பயந்து அதைப் பாலிகார்பனேட் தகடால் அடைத்துவிடுகிறார்கள். வெளிச்சம் கிடைக்கிறது, காற்று நின்றுபோகிறது. சூடு வெளியேறாமல் கூடம் அடுப்பாகிறது. கம்பி வலை போட்டு, அதற்கு மேல் இரண்டடி உயர்த்திக் கூரை வைத்து, நான்கு பக்கமும் திறந்து விட்டால் முற்றம் தன் வேலையைத் தொடரும்.

மூன்றாவது தண்ணீர். பழைய வீட்டில் ஈர வேலை முழுவதும் தோட்டத்தில் நடந்தது. குளியலும் கழிப்பும் வீட்டுக்கு வெளியே. வயதானவர்கள் இரவில் தோட்டத்து இருட்டில் நடக்க வேண்டியிருந்ததும், பெண்கள் விடியும் முன் எழுந்து போக வேண்டியிருந்ததும் அந்த ஏற்பாட்டின் கொடுமை. கழிப்பறை உள்ளே வந்தே தீர வேண்டும். எங்கே வருகிறது என்பதே கேள்வி. கூடத்து மூலையில் மண்சுவரைக் குடைந்து குழாய் பதித்தால் சுவர் கரையும். தோட்டத்துத் தாழ்வாரத்தில், தனிச் செங்கல் சுவரும் தனி அடித்தளமும் கொடுத்துக் கட்டி, கூரையால் மட்டும் வீட்டோடு இணைத்தால் பழைய சுவருக்குச் சேதமில்லை. நான்காவது அடுப்பு. எரிவாயு வந்ததும் புகை நின்றது. பெண்களின் மூச்சு பிழைத்தது. புகையை நம்பியிருந்த மூங்கிலும் மரமும் பாதுகாப்பை இழந்தன. கரையான் மருந்தும், சரங்களுக்கு எண்ணெய்ப் பூச்சும், ஓட்டுக்கு அடியில் காற்றோட்டமும் அந்த வேலையை இப்போது செய்ய வேண்டியிருக்கிறது. சமையலறையைச் சீரமைக்கும் பலர் இந்தத் தொடர்பை அறியாமல், சில ஆண்டுகளில் உத்திரம் ஏன் பொடியாகிறது என்று வியக்கிறார்கள்.

பத்தாய அறையே இன்றைய குடும்பத்துக்கு மிகப் பெரிய கொடை. நெல் வீட்டில் தங்காத காலத்தில் அது காலியாகக் கிடக்கிறது. தடித்த சுவரும் குளிர்ச்சியும் உள்ள அந்த அறைக்கு ஒரு சன்னல் திறந்தால் படுக்கையறையாகிறது. மாட்டுக் கொட்டகை படிக்கும் இடமாகவோ வண்டி நிறுத்துமிடமாகவோ மாறுகிறது. மின்கம்பிக்காகச் சுவரைக் கீறாமல், சட்டத்தை ஒட்டிக் குழாயில் கொண்டு போவது எளிது. பிற்காலத்தில் பழுது பார்ப்பதும் எளிது.

தெரு முழுவதையும் ஒன்றாக எண்ணிச் செய்த சீரமைப்புக்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. புதுச்சேரி வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு, இன்டாக் அமைப்பு தமிழ் வீடுகளின் திண்ணையையும் தெருத் தாழ்வாரத்தையும் வரிசையாக மீட்டது. 2008 இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருதுகளில் அது இடம்பெற்றது. வீட்டுக்காரர்கள் உள்ளே தங்கள் விருப்பப்படி வாழ்ந்தார்கள். தெருவைப் பார்த்த முகம் மட்டும் பொதுவானதாகக் கொள்ளப்பட்டது. 1996 இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ரா வேறு வழி: இடிக்கப்படவிருந்த வீடுகளைப் பெயர்த்து வந்து மீண்டும் எழுப்பியது. முதல் வழியில் வீடு குடித்தனத்தோடு பிழைக்கிறது, இரண்டாவதில் குடித்தனம் இல்லாமல் பிழைக்கிறது. திருக்கோவிலூர்க் கோயில் தெருக்களுக்கும் சின்னசேலத்துப் பழைய வீதிகளுக்கும் பொருந்துவது முதலாவதுதான்.

வீட்டின் உடல் மாறினாலும் வாசற்கால் மட்டும் பல இடங்களில் இடம் மாறித் தொடர்கிறது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் மரச் சிற்பத் தொழில் இன்றும் உண்டு. மதுரைப் பக்கமிருந்து வந்த தச்சர் மரபு என்று அதைச் சொல்வார்கள். கோயிலுக்கும் பூசை அறைக்கும் தெய்வ உருவங்கள், கதவு, நிலை ஆகியவை இங்கே செதுக்கப்படுகின்றன. 2021 இல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலையின் மேற்சட்டத்தில் கஜலட்சுமியும் இருபுறமும் கொடியும் வரும் பழைய அமைப்பு, கான்கிரீட் வீட்டின் தலைவாசலுக்கும் அப்படியே செதுக்கப்படுகிறது. பழைய நிலையை விற்காமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உளுத்த அடிப்பகுதியை மட்டும் அறுத்து, அதே மரத்தில் புதுத் துண்டு சேர்த்து, புது வீட்டின் அளவுக்கு உயர்த்திப் பொருத்திக்கொள்கின்றன. பழைய நிலையின் உயரம் பெரும்பாலும் ஐந்தரை அடிக்குள் இருக்கும்; குனிந்து நுழைய வைத்த அளவு அது. இன்றைய தச்சர் அதன் அடியில் ஓர் அடி ஒட்டுப் போடுகிறார்.